காரணம் என்ற கட்டம்

மேடவாக்கம் டேங்க் ரோட்டில் ஏரி இல்லை.
பேரில் மட்டும் தளும்புகிறது.
ஷேர் ஆட்டோவில் ஏறி
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்றால்
பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.
வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும்
சிரிப்பார்.

வேலை இதுதான்:
செல்லரித்த பேரேடுகளைப் படம் பிடித்துக்
கணினியில் ஏற்றுவது.
பக்கத்துக்கு நாலு ரூபாய் இருபது பைசா,
முகமூடி நம் செலவு.

புரசைவாக்கத்து வாடகை வீட்டில் இருந்த காலத்துக்கு
ஒன்றிரண்டு தாள்தான் மிச்சம்.
ஒரு சங்கிலிக்கு ரசீது.
பிறகு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்த நாள்:
முப்பத்தேழு மாட்டுவண்டி, வாடகை அரை ரூபாய்,
ஒரு மாடு வழியில் படுத்துவிட்டதால்
காலணா பிடித்தம்.

தோட்டத்துப் பேரேட்டில் பத்துக் கட்டங்கள்.
அதில் ஒன்று காரணம்.
காரணம் வெயில்.
காரணம் கஞ்சா.
காரணம் கோர்ட்டு வழக்கு.
காரணம் பிள்ளைப்பேறு.
காரணம் வெயில், மறுபடியும்.
தாது வருஷத்தில் பேரேடு திடீரென்று தடிக்கிறது.
அந்தப் பஞ்சத்தில் தடித்தது அது ஒன்றுதான்.

அங்கே அவள்.
பச்சையம்மா, உழவு, மதுராந்தகத்துக்குத் தெற்கே,
எடை அறுபத்தொரு ராத்தல்.
காரணம் பசி
என்று யாரோ எழுத,
வேறொரு மை அதை அடித்துவிட்டுச்
சித்தக்கலக்கம் என்கிறது.
அத்தாட்சி, அடுத்த கட்டத்தில்:
முந்தானையில் உழக்கு நெல் முடிந்து வைத்திருக்கிறாள்.
பட்டினியில் விழுந்தும் தின்னவில்லை.
கேட்டால்
தின்னக்கூடாது, அது வெத என்கிறாள்.
எல்லாம் இங்கிலீஷ்.
வெத மட்டும்
அவள் வாயில் வந்தபடியே.

ஹபீபுல்லா அண்ணனைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார்.
அவர் அப்பா உத்திரமேரூரில் வாரத்துக்குப் பயிர் வைத்தவர்.
அடப்பாவிகளா என்றார்,
டீ வாங்கப் போய்விட்டார்.

ஆறு மாதம் கஞ்சி.
எடை தொண்ணூற்று நாலு. பேச்சு தெளிவு.
குணமானவர் கட்டத்துக்கு
அழைத்துப்போகிறவர் கையெழுத்து வேண்டும்.
மதுராந்தகத்துக்குத் தெற்கே
கையெழுத்துப் போட யாரும் மிஞ்சவில்லை போலும்.

பிறகு இருபத்தொன்பது வருஷம்,
ஐந்து ரைட்டர்கள்.
தாசரதி எழுதியவரை பச்சையம்மா.
டிக்ரூஸ் வந்ததும் புட்சமா.
இடது பக்கம் சாயும் ஒரு கை அவளைப் பட்சி ஆக்கியது.
அடுத்தவருக்குப் பீச்சம்மா.
கடைசியில் பெண், இருநூற்றுப் பன்னிரண்டு.
கயிறு நன்றாகத் திரிக்கிறாள்.
நெல் குத்தச் சொன்னால்
ஒரு கை ஒதுக்கி வைக்கிறாள்.
கண்டிக்கப்பட்டாள்.

அந்த உழக்கு நெல் என்ன ஆயிற்று என்று தேடினேன்.
காலரா பயத்தில் வந்த அன்றே
உடுப்பும் மூட்டையும் எரித்தார்கள் என்கிறது
ஒரு புத்தகம்.
தோட்டக் கணக்கு இன்னொரு புத்தகம்:
சலவை வாய்க்கால் ஓரம் நெல் முளைத்திருக்கிறது,
களை பிடுங்கக் கூலி ஓரணா.
இரண்டும் ஒரே வருஷம்.
பறவை போட்டிருக்கலாம்.
வண்டியிலிருந்து சிந்தியிருக்கலாம்.
எனக்குத் தெரியவில்லை.

கணினியில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை
நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
பெயர்: பச்சையம்மா.
இருந்தவற்றில் முதலாவதை எடுத்துக்கொண்டேன்,
அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது.
காரணம்:
கீழே இறங்கும் பட்டியலில் பதினாறு நோய்கள்.
பசியைக் காணோம்.
மற்றவை என்று அழுத்தினால்
விளக்கவும் என்று ஒரு சின்னப் பெட்டி,
பத்து எழுத்துக்கு மேல் ஏற்காது.
வெத நெல்லு தின்னக்கூடாது என்று அடித்தேன்.
வெத நெல்லு தின்ன
என்று நின்றுவிட்டது.

அழித்தேன்.
வெத என்று மட்டும் போட்டேன்.

அடுத்த பக்கம் திறந்தது.
ஆண், வயது நாற்பது, ராயபுரம்.
காரணம் வெயில்.