கூட்டல் முப்பது

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
ஒற்றைச் செருப்புகளுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவே
தார்ப்பாயில் கிடந்தது.
"எண்பது வெள்ளி" என்றார் மீராசா.
"ஓடுமா?"
"ஓடினா நூத்தம்பது சொல்லியிருப்பேன்."

ஆயர் ஈத்தாமில் பதினொன்றாம் மாடி.
மின்தூக்கி கெட்ட நாளாகப் பார்த்துச் சுமந்து வந்தேன்.
முதல் மின்சாரத்தில் புகைந்தது.
கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினேன், பிழைத்துக்கொண்டது.

மூடியைக் கழற்றினால் எட்டுச் செருகுவாய்கள்.
ஆறாவதில் வட்டு அட்டை,
ஊருக்கே தெரிந்த முகம்.
நான்காவதில் இது.
பேரில்லை, கம்பெனி இல்லை.
பச்சைப் பலகையின் மூலையில்
பென்சிலால் மட்டும்
+30.

முப்பது என்ன?
விலையா, வோல்ட்டா,
யாராவது யாருக்காவது தரவேண்டிய பாக்கியா?

பெரிய சில்லின் முதுகை
எச்சில் தொட்டுத் துடைத்தேன்: 8119.
எண்பத்தொன்று, பத்தொன்பதாம் வாரம்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில் மலேசியா.
பாயான் லெப்பாசில் எவளோ ஒருத்தி
நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப்
பொன்கம்பி இழுத்திருக்கிறாள்.
கப்பலேறிப் போய், பலகையில் உட்கார்ந்து,
பத்து கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வந்திருக்கிறது.
ஊர் தெரிந்துவிட்டது.
தொழில் தெரியவில்லை.

அச்சுப்பொறிக்கு என்றால் கேபிள் வெளியே போகவேண்டும்.
இசைக்கு என்றால் ஒலிபெருக்கிக்கு ஒரு வாய் வேண்டும்.
நினைவகம் என்றால்
சில்லுகள் பள்ளிக்கூடச் சபைகூடல் மாதிரி வரிசைக்கு நிற்கும்.
இதில் மொத்தமே ஐந்து,
அரிசி அளவில் ஒரு வெள்ளிக் குழல்,
பச்சையாய்க் கக்கி இறந்துபோன பேட்டரி.
வெளியே ஒரு கம்பிகூட நீட்டாமல்
தனக்குள்ளேயே
என்ன செய்துகொண்டிருந்தாய், தாயே?

பேட்டரியைப் பிடுங்கினேன்.
வினிகரில் பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தேன்.
பீக் 49346 என்று தட்டிக் கேட்டேன்.
ஓர் எண் சொன்னது.
அதையே மறுபடி கேட்டேன்.
வேறு எண்.
கேட்கக் கேட்க வேறு வேறு.
பைத்தியம், செத்த அட்டை என்று எழுதி வைத்தேன்.

புனிதமலர் ரம்புத்தான் உரித்தபடி வந்து
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"கூட்டல் முப்பதா?
ஐயோ, இது என் அரை மணி நேரம்ல!"

எண்பத்தொன்று, டிசம்பர் கடைசி ராத்திரி,
சபா சரவாக்கோடு மணியைச் சேர்க்க
தீபகற்பத்தில் பதினொன்றரையைப்
பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள்.
தள்ளிவிட்ட அந்த இடுக்கில்
பெரிய ஆஸ்பத்திரியில் இவள் பிறந்தாள்.
தாதி எழுதியது ஜனவரி ஒன்று, 12.10.
யாரும் திருப்பாத சுவர்க் கடிகாரத்தில் 11.40.
ஜோசியர் இரண்டு ஜாதகம் எழுதி
இரண்டுக்கும் காசு வாங்கினார்.
எனக்குப் பொருந்தியது எது என்று
மாமியார் இன்றுவரை சொன்னதில்லை.

"அப்ப இது கடிகாரம்" என்று
கொட்டையைத் துப்பப் போய்விட்டாள்.

வெள்ளிக் குழலைப் பார்த்தேன்.
கைக்கடிகாரத்தில் துடிக்கும் அதே படிகம்.
மூன்று ராத்திரியாய்
என் கண்முன்னே இருந்திருக்கிறது.
நான் பைத்தியம் என்று குறித்தவை
விநாடிகள்.
ஜனவரியில் யாரோ
மாற்றவேண்டியதை மறக்காமல் இருக்கப்
பென்சிலால் குறித்திருக்கிறார்கள்.

சில்லுக்கான தாளைத் தேடி எடுத்தேன்.
விநாடி, நிமிடம், மணி, கிழமை, தேதி, மாதம்.
ஆண்டுக்கு அறையே வைக்கவில்லை.
"நல்லதாப் போச்சு, வயசு கேக்காது" என்றாள்.

அவளே தட்டினாள்:
மாதம் 12, தேதி 31,
மணி 23, நிமிடம் 29.
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
முப்பது வந்தது.
பிறகு முப்பத்தொன்று.
யாரும் தள்ளவில்லை, அதுபாட்டுக்குப் போனது.

"நாற்பது வரைக்கும் இரேன்" என்றேன்.
"நாளைக்குக் காலை ஷிஃப்ட்" என்று
கூடத்து விளக்கை அணைத்தாள்.

நாற்பது வந்தபோது
திரையின் பச்சை வெளிச்சத்தில்
ரம்புத்தான் தோல்களோடு நான் மட்டும் இருந்தேன்.
பேட்டரி இல்லை,
அணைத்தால் மறந்துவிடும்.
அணைக்காமல் படுக்கப் போனேன்.