பதினான்காவது நகர்வு

நடுக்கட்டங்களை நான் தொடவில்லை.
ராணி பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளினேன்.
யால்கிரிம்மும் தள்ளினான்.
குதிரைக்குக் குதிரை.
மூலையில் என் மந்திரி பதுங்க
எதிர்மூலையில் அவன் மந்திரி.
நான் கோட்டை கட்டிக்கொண்டேன்,
அவனும் கட்டிக்கொண்டான்.

கடைசிச் சுற்று.
ட்வோரோய்ரி பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கு,
தரையெல்லாம் ஹேண்ட்பால் கோடுகள்,
மேஜைக்கடியில் ஈர பூட்ஸ்.
அவனுக்கு அரைப்புள்ளி போதும், கோப்பை அவனுக்கு.
ஆறே காலுக்குக் கப்பல்.
எனக்கு வேண்டியது முழுசு.

காபிக்கு எழுந்தேன். எழுந்து வந்தான்.
நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.
கரண்டியோடு ஒரு கணம் நின்றவன்
போடாமலே குடித்தான்,
முகம் சுளித்து.

பத்தாவது நகர்வில் ஒரு வெட்டு.
ஒழிந்தது என்று நினைத்தேன்.
இரண்டே நகர்வு,
குளத்தில் கல் விழுந்து அடங்கினாற்போல்
மறுபடி அதே பலகை.
அவனை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.
என்ன தெரியும்?
படகு எஞ்சின் பழுதுபார்ப்பான்,
நகத்தில் கிரீஸ்.
மற்றபடி, என் கை போன இடம்தான் அவன்.

பதினான்காவதுக்கு நாற்பது நிமிடம் எடுத்தேன்.
யோசிக்கவில்லை. சும்மா இருந்தேன்.
ஜன்னலில் ஃபியோர்டு கறுத்துக்கொண்டே வந்தது.
பிறகு மந்திரியை எடுத்து
நேராக அவன் யானையைப் பார்க்க வைத்தேன்.

இதையும் செய், பார்க்கலாம்.

அவன் கை தன் மந்திரி வரைக்கும் வந்தது.
அப்போதுதான் கப்பல் ஊதியது,
புறப்பட அரைமணி இருக்கையில் ஊதுகிற அந்த முதல் ஊதல்.
அவன் என்னைப் பார்த்தான்,
பலகையைப் பார்த்தான்,
கையை இழுத்துக்கொண்டு
யானையை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தினான்.

சின்ன நகர்வு.
ஆனால் அவனுடையது.
எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது.
ஆறு வருடம் கழித்து
யாரோ வந்து எதிரே உட்கார்ந்தமாதிரி.

தோற்றேன்.
ஐம்பத்தெட்டு நகர்வு, ஒற்றைச் சிப்பாய்,
அதை அவன் பொத்திப் பொத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தவிதம்
இன்னும் கோபம் வருகிறது, அவ்வளவு அழகு.
இரண்டாவது ஊதல் எப்போது கேட்டதென்று
இருவருக்கும் தெரியாது.

தாள்களில் கையெழுத்திட்டோம்.
நடுவர் எய்டுன் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைக்கிறார்.
பூட்ஸை மாட்டியபடி யால்கிரிம் கேட்கிறான்:
"இந்த ஊரில் ராத்திரி படுக்க எங்கே இடம் கிடைக்கும்?"
அடுத்த மூச்சிலேயே,
"அந்தக் காபி
உனக்கு எப்படித்தான் இறங்குகிறது?"