ஒருவரா, இருவரா

ஆண்டுச் சோதனைச் சீட்டில் தடித்த எழுத்து:
இடது பின்பக்க ஷாக், எண்ணெய்க் கசிவு, தோல்வி.
பதினெட்டு வயது மாஸ்டா. இரண்டே இருக்கை. துணிக்கூரை.
மட்கார்டை ஒருமுறை அமுக்கிக் கையை எடுத்தால்
மூன்று தடவை தலையாட்டுகிறது,
கேட்காத கேள்விக்கும் சரி சொல்லும் ஆளைப்போல.

இத்வாலின் பட்டறை பெதெஸ்டாவில்,
ஸ்லேட் குவாரிக்குக் கீழே. மழை.
(வேல்ஸில் அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.)
"முப்பது மில்லிமீட்டர் இறக்கு, நெரிஸ்.
ஸ்பிரிங்கை இருமடங்கு கடினமாகப் போடு.
வளைவில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொள்ளும்."
அவன் சொல்வது ஞாயிற்றுக்கிழமையின் உண்மை.
ஞாயிறுதோறும் பந்தயத் தடத்தில்
வழவழத்த தார்மேல் சுற்றிவருகிறவன்.
தன் வெள்ளிநிறக் காரின் சாவியைத் தந்தான்,
ஓட்டிப் பார் என்று.

ஓக்வென் பள்ளத்தாக்கில்
ஆடுகள் தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் கம்பிகள்.
அதன்மேல் ஏறியதும் பல்லோடு பல் மோதியது.
மிட்டாய் டப்பி திறந்து காலடியில் கொட்டியது.
பனியில் வெடித்த தார், ஒட்டுப்போட்ட தார், ஒட்டின்மேல் ஒட்டு.
கல்சுவர் வளைவில் ஒரு குழி;
சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பியது.
அந்தக் கணத்தில் பிரேக் இல்லை, ஸ்டியரிங் இல்லை,
காசு கொட்டி வாங்கிய டயரும் இல்லை.
வேகம் ஒன்றும் கூடவில்லை.
கூடியதுபோல் உடம்புக்குப் பட்டது, அவ்வளவுதான்.

சுருள்வில் என்கிறோம்.
வில்தான். ஆனால் அம்பு கிடையாது;
அது எய்வது என்னை.
ஏறிய வில்லின் சினத்தை ஆற்றப்
பக்கத்திலேயே ஒரு குழாய், உள்ளே எண்ணெய்,
ஊசிக்கண் அளவு துளைகள்: தணிப்பான்.
வில்லைப் புதிதாக்கித் தணிப்பானைப் பழையதாய் விட்டால்
சண்டைக்காரனுக்குத் தூங்குமூஞ்சியைக் காவல் வைத்த கதை.
ஜோடி பார்த்துத்தான் வாங்கவேண்டும்.
ஜோடி என்ற சொல்லை
இப்போதெல்லாம் கொஞ்சம் நிதானித்துத்தான் உச்சரிக்கிறேன்.

ஷெஃபீல்டில் ஸ்பிரிங் சுற்றும் கம்பெனி.
லோரெயின் என்ற அம்மாள் போனை எடுத்தாள்.
தினமும் ஓட்டுவீர்களா, எந்தச் சாலை, டயர் என்ன அளவு,
டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா
என்றெல்லாம் கேட்டுவிட்டு,
"வழக்கமாக ஒருவரா, இருவரா?"

கெத்தின். எண்பத்தோரு கிலோ. பிப்ரவரி வரை.

காலையில்தான் இத்வால் டேப் வைத்து அளந்திருந்தான்.
ஓட்டுநர் பக்கம் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது;
பக்கத்து இருக்கையின் வில் ஏறக்குறையப் புதிது.
பிப்ரவரியில் நான் கண்டுபிடித்ததைக்
கார் பல வருடமாகக் குறித்துவைத்திருக்கிறது.

"ஒருவர்" என்றேன். "சில நாள் ஒரு நாய்."
"எடை?"
"பதினெட்டு கிலோ. நனைந்தால் பத்தொன்பது."
லோரெயின் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
பத்து மில்லிமீட்டர் இறக்கம் போதும்,
கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சமே முறுக்கு,
அதற்கென்று அளவெடுத்த மஞ்சள் தணிப்பான்கள் நான்கு.

வெள்ளிக்கிழமை பொருத்தினோம்.
இத்வால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தான்.
லிஃப்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கப் போனேன்;
ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டான்.
கீழே இறக்கு முதலில்.
தன் பாரம் தன் காலில் விழட்டும்.
தொங்கும் நிலையில் இறுக்கினால்
ரப்பர் கிழியும்வரை முறுக்கிக்கொண்டே கிடக்கும்.

சாயங்காலம் அவனே ஓட்டிப் பார்த்தான்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
ரவுண்டானாவை இரண்டு சுற்றுச் சுற்றினான்,
தேவையே இல்லாமல் மூன்றாவதும்.

வீடு திரும்பும்போது அந்தக் கம்பிகள்மேல் ஏறினேன்.
தடதடப்பு காதுக்கு வந்தது, முதுகுக்கு வரவில்லை.
இடது இருக்கையில் பெரோ
ஒரு கண்ணை மட்டும் திறந்து
மூடிக்கொண்டது.