கை கழுவும் இடம்

வள்ளியூரில் பைபாஸ் ஏறுவதற்கு முன்னால்
ஹோட்டல் மரகதம்.
போர்டில் ஒரே அளவு எழுத்து:
ஃபேமிலி ரெஸ்டாரண்ட் ஏசி பார்.
நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

ஆடிக் காற்று.
பைக்கை விட்டு இறங்கினால் சேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
தளவாய் (பேரைத்தான் சொல்லுதேன், இருக்கட்டும்)
வண்டியைச் சுவரோரமாகக் காற்றுக்கு மறைத்து நிறுத்தினார்,
இடம் தெரிந்த ஆளாக.
எனக்கு ஹாலோ பிளாக் கம்பெனியில் போனஸ்.
தீபாவளிக்குத் தர வேண்டியது
ஆடியில்தான் வந்தது.

குடும்ப அறைக்கு ஊதாச் சுவர்.
பிள்ளைகள் விளையாட ஒரு பிளாஸ்டிக் சறுக்கு,
அதில் யாரோ சிந்திய சால்னா காய்ந்து கிடக்கிறது.
லிங்கேஷ் மெனு அட்டையை எழுத்துக்கூட்டினான்,
கோபி மஞ்சூரியன், காடை, கலக்கி, பிச்சிப்போட்ட கோழி.
"இதுல எதும்மா பெருசு?"
தர்ஷிகா நூடுல்ஸ் என்றாள். அத்தோடு சரி.

சர்வர் வந்தான். எங்கள் மூவரையும் அவன் பார்க்கவே இல்லை.
"அண்ணாச்சி! எத்தன நாளாச்சு!
ஒங்க டேபிளு அந்தப் பக்கம் சும்மாதாம் கெடக்கு."

பதினோரு மாசம் நாலு நாள்.
நான் சொல்லவில்லை.

தளவாய் தண்ணி டம்ளரை ஓர் அங்குலம் நகர்த்தினார்.
"இல்ல ஜெபஸ்டின். இன்னைக்கு இந்தப் பக்கம்."
ஜெபஸ்டின் அப்போதுதான் என்னைக் கண்டு கும்பிட்டான்,
மேஜை துடைத்த துணி கையிலேயே இருக்க.

"ஒனக்கு இங்க டேபிள் இருக்காப்பா? ஸ்கூல்ல மாதிரி?"
"இருந்துச்சு. டிசி வாங்கியாச்சுல."

கேட்காமலே ஒரு தட்டு வந்தது.
அவித்த கடலை, வெங்காயம், மாங்காய்க் கீற்று, மேலே மிளகாய்த்தூள்.
இந்த வாசனை எனக்குத் தெரியும்.
எட்டு வருஷம் அவர் சட்டைப் பையை உதறித் துவைத்தவள் நான்.
பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்றார்கள்.

கை கழுவப் போனேன்.
பேசின் ரெண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.
அதை ஒட்டி ஒரு கதவு.
தள்ளினால் திறக்கும். தள்ளினேன்.

என்னவெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்!
மங்கின விளக்கு, மெத்தை நாற்காலி, பாட்டு,
என்னைவிட நன்றாகச் சிரிக்கத் தெரிந்த யாரோ.

அதே ஊதாச் சுவர்.
கால் முறிந்து கம்பி கட்டிய அதே நாற்காலி.
சத்தமில்லாத டிவியில் மழை நிலவரம்.
ஆறு பேர், ஆறு மேஜை,
ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் பேச்சில்லை.
காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவித்த முட்டை உரிக்கிறார்,
ஒரு ஓடு கீழே விழாமல் தாளில் சேர்த்துச் சேர்த்து.
வீட்டில் அப்படி உரிப்பாரா தெரியாது.
உரித்து முடித்து உப்பைத் தேடினார்.
பக்கத்து மேஜைக் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.
"நன்றி தம்பி" என்றார்,
தலை நிமிராமல்.

ஜன்னலோரம் ஒரு மேஜை காலி.
வெளியே காற்றாலையின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிகிறது.
மேஜை விளிம்பில் ஒரு முழங்கை அளவுக்கு வார்னிஷ் போயிருந்தது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இதற்கா.
இந்த நாற்காலியோடா
நான் எட்டு வருஷம் மல்லுக்கு நின்றேன்.
கோபம் வந்திருக்கலாம்.
வந்தது பசி.

திரும்பி வந்தால் பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.
எல்லாத் தட்டிலும் பிய்த்துப் போட்டு
முறுகின ஓரங்களை மட்டும் என் தட்டில் ஒதுக்கியிருந்தார்.
"என்ன இவ்ளோ நேரம்?"
"சோப்பு இல்ல."
என் விரல்களைப் பார்த்தார். உப்பு ஒட்டியிருந்தது.
சால்னாக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
லிங்கேஷின் மூக்கைத் துடைத்தார்.

பில் எழுநூற்று அறுபது. நான்தான் எடுத்தேன்.
ஜெபஸ்டினுக்கு இருபது. கொஞ்சம் யோசித்து, இன்னும் இருபது.

சோம்பை மென்றுகொண்டே தர்ஷிகா கேட்டாள்:
"அடுத்த தடவ ஒன் டேபிள்ல உக்காருவமாப்பா?"
"அங்கன நூடுல்ஸ் கெடையாதுட்டி"
என்று பைக்கை உதைத்தார்.
மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.