எண்ணெய்க் குப்பியில் ஒரு கோடு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே
எண்ணெய்க் குப்பியில்
நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.
ஞாயிறு வரைக்கும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது.
நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த ரோமுலுஸ்
அந்தச் சிவப்புக் கோட்டை
எல்லை தாண்டிப் பிடிபட்டவர் போலப் பார்த்தார்.

ஜூன் மாதம். தடைக்காலம்.
குளச்சலில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன,
வீட்டுக்குள் இவர்.
வியாகுலம்மாள் வள்ளத்துச் சாளையோடு வந்து
"நெய்யுள்ள சாளை, பொரிச்சா தெரு மணக்கும்" என்று
வாசலிலேயே என் கட்சியை உடைக்கிறாள்.

நெய்யுள்ள சாளைக்கு எண்ணெய் எதற்கு?
ஆண்டவர் ஏற்கெனவே ஊற்றித்தானே அனுப்பியிருக்கிறார்.
மண்சட்டியில் கொடம்புளி, கொஞ்சம் உள்ளி,
அம்மியில் வைத்த வத்தல் மிளகு.
கரண்டி போடாமல் காதைப் பிடித்துச் சட்டியைச் சுற்றினால்
ஓரத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம்,
மீன் தன் நெய்யைத் தானே விடுகிறது.

"ஆஸ்பத்திரிச் சோறு" என்றார்.

அயிலையைக் கீறி நல்லமிளகும் மஞ்சளும் தேய்த்து
வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் போட்டேன்.
இலை கருகியது, மீன் கருகவில்லை.
"பொதியைப் பிரிக்கும்போதே வேலை முடிஞ்சு போகுது.
கடிக்க ஒண்ணும் இல்ல."

நெத்திலிக்கு மாங்காயும் பச்சைமிளகாயும்
ஒரு பிடி தேங்காயும் போட்டு அவியல் வைத்தேன்.
தேங்காய் ஒரு பிடிதான், அதையும் எண்ணினேன்.
விளமீனை இட்லிக் கொப்பரையில் ஏற்றினேன்.
மூடியைத் திறந்தபோது
ஆவிக்குள் இவர் முகம் தெரியவில்லை,
அது ஒரு வகையில் நல்லது.

கணவாய்க்கு இரண்டு நிமிஷம்.
மூன்றாவது நிமிஷம் செருப்பு.
அன்று செருப்புதான் தின்றோம்,
போனில் மகள் டெல்பினா பேசிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் ரேஷன் கடையிலிருந்து திரும்புகிறேன்,
மணம் தெரு முனையிலேயே வந்து என்னைக் கூப்பிட்டது.
அடுக்களையில் பூனை,
பூனைக்குப் பக்கத்தில் இவர்,
கோட்டுக்கு இரண்டு விரல் கீழே எண்ணெய்.

நான் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.
"தங்கலுக்குப் போனா பதினஞ்சு நாளு.
கடல்ல உமக்கு யாரு பொரிச்சுத் தந்தா?"

வாயில் இருந்ததை விழுங்கினார்.
"படகுல எப்பிடிட்டீ பொரிக்க?
ஆடுற ஆட்டத்துல எண்ணெய் மேல விழாதா?"
சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாயங்காலம் என்னை அடுக்களையில் விடவில்லை.
ஒரு பாரையைக் கையகலத் துண்டுகளாக வெட்டினார்.
தண்ணீர், நசுக்கிய மிளகு, புளி,
நாலு கறிவேப்பிலைக் கொத்து உருவாமல் அப்படியே.
எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை.
உப்பை அள்ளிய கை
டாக்டரை நினைத்துப் பாதியைத் திரும்பக் கொட்டியது.

டைல்ஸ் போட்ட தரை. ஆடாத தரை.
ஆனாலும் கால்களை அகட்டி நின்று
இடது கையால் சட்டியின் காதைப் பிடித்திருந்தார்,
கொதி வரும் வரைக்கும் விடவேயில்லை.
பதினெட்டு வருஷம் இந்த மனிதனுக்குச் சமைத்திருக்கிறேன்,
இவர் இப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியாது.

மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்தேன்.
சாறு ஊற்றி, பிசைந்து, தின்றோம்.
நன்றாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனமில்லை.
இரண்டாவது தடவை கிழங்கு போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு
கோட்டுக்கு மேலே ஒரு விரல் எண்ணெய் மிச்சம்.
இரண்டு பேரும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்.
ஒரே ஒரு சாளை பொரித்தோம்.

தலை யாருக்கு என்பதில்தான் இப்போது சண்டை.