குத்துமதிப்பு

கீழே கொக்கிம்போவைக் கடல்பனி விழுங்கிவிட்டது.
மலைமேல் நாங்கள்
ஐந்து நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி
ஒரே வானத்தை ஐந்து முறை படமெடுக்கிறோம்.

ஒளியைப் பிரித்து நிறமாலை பார்த்தால் தூரம் துல்லியமாய்த் தெரியும்.
ஆனால் நூறு கோடி விண்மீன்திரள்களை
ஒவ்வொன்றாய் நிறுத்தி விசாரிக்க
யார் தருவார் அத்தனை இரவு?
எனவே, குத்துமதிப்பு:
சிவந்திருந்தால் தொலைவு.

யாஸ்னாவுக்கு அந்த வாக்கியமே பிடிக்காது.
கிழடு தட்டினாலும் சிவக்கும், என்பாள்,
புழுதி அப்பினாலும்.
விலகி ஓடுகிறதா, வயதா, அழுக்கா,
ஐந்தே எண்களை வைத்துக்கொண்டு என்ன சொல்ல?

40771ஆம் திரளுக்கு விடை
இரட்டைத் திமிலோடு வந்தது.
இருநூறு கோடி ஒளியாண்டில் சின்னத் திமில்,
ஆயிரம் கோடியில் பெரியது.
சராசரி போய் விழுந்த இடத்தில்
ஒன்றுமே இல்லை, வெறும் பள்ளம்.

“பெரியதை மட்டும் எழுது, தூங்கப் போகலாம்”
என்றான் எலியாசர், ஆறிய காப்பியோடு.
அவள் இரண்டையும் எழுதினாள்:
பத்தில் ஏழு. பத்தில் மூன்று.

அட்டவணை போனது, நாங்களும் மறந்தோம்.
நடுவில் ஒரு நிலநடுக்கம்,
யாஸ்னாவுக்கு ஆண் குழந்தை,
எலியாசருக்கு மூக்குக் கண்ணாடி.

பதினோரு மாதம் கழித்து
யாரோ ரத்து செய்த அரைமணி நேரம்
பெரிய தொலைநோக்கி ஒன்றில் எங்களுக்குக் கிடைத்தது.
கோடுகள் வந்தன. பக்கத்தில்தான் இருக்கிறது.
புழுதி.

எலியாசர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
யாஸ்னா பழைய அட்டவணையைத் திறந்து
அந்த மூன்றைத் தொட்டுப் பார்த்தாள்,
திருத்தவில்லை.

வெளியே பனி மேலேறி வருகிறது.
மிச்சம், நூறு கோடிக்கு ஒன்று குறைவு.