நான்காம் பாகம், நாற்பத்தோராம் நிமிடம்

முரோரானில் பனி கொட்டும் இரவுகளில்
டாக்சி கம்பெனிக்கு அதிகம் போன் வராது.
ஹீட்டரைக் காலருகே இழுத்துக்கொண்டு
இட்சுயே பழைய மிருகப் படங்களை
வரிசை மாறாமல் பார்க்கிறாள்.

முதல் பாகத்தில் அது ஊழி.
மூன்றில் வெறும் வில்லன்.
ஏழில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையசைக்கிறது,
அதை வேகமாய் ஓட்டிவிடுவாள்.

அவளுக்கு நான்காவதுதான்.
முதுகில் ஜிப் தெரியும்.
விமானத்தைத் தூக்கும் கம்பி தெரியும்.
ஒருமுறை தன் வாலைத் தானே மிதித்துத் தடுமாறும்,
அதை வெட்டி எறிய யாருக்கும் மனம் வரவில்லை போல.

பிறகு துறைமுகம், எஃகு ஆலைப் புகைபோக்கிகள்,
இவள் ஊர்தான், முழங்கால் உயரத்தில்.
கால் இறங்குமுன் நிறுத்துகிறாள்.
தொழிலாளர் குடியிருப்பு. மூன்றாம் மாடி பால்கனி.
யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள்:
நகமளவுச் சட்டைகள் மூன்று,
ஒன்றின் கை உள்பக்கமாய் மடங்கி.

நான்கு நொடியில் நசுங்கப் போவதற்கு
எந்தப் பைத்தியம் உட்கார்ந்து
கை வைத்துத் தைத்தது?

அவள் பிறந்த அந்தக் குடியிருப்பை
எந்த மிருகமும் வந்து மிதிக்கவில்லை.
நோட்டீஸ் ஒட்டினார்கள். மஞ்சள் வலை கட்டினார்கள்.
ஒரு செவ்வாய்க்கிழமை அது இல்லை.
யாரும் அலறிக்கொண்டு ஓடவில்லை.

போன் அடிக்கிறது.
ஸ்டேஷன் வாசலில் ஒருவர், நல்ல போதையில்.
"பத்து நிமிஷம்" என்று சொல்லி
ஹொசகாயாவின் வண்டியை அனுப்புகிறாள்.

திரையில் பாதம் அந்தரத்தில் நிற்கிறது.
ரிமோட் மடியிலேயே இருக்கிறது.
இருக்கட்டும்,
சட்டைகள் இன்னும் காயவில்லை.